நலிந்த லாட்ஜுகளின் இணைப்பு: குழு உணர்வைப் பற்றி ஒரு பாடம்

பல வருஷங்களாகத் தனித்தனியே நடைபெற்று வந்த இரண்டு சங்கங்கள், அங்கத்தினர் குறைந்து, செலவு மிகுந்து, இனித் தனித்து நிற்க இயலாது என்ற நிலையை எய்தும்போது ஒன்றாக இணைவதுண்டு. அவ்விணைப்பில் சொத்தும் கடனும் எவ்வாறு சேரும் என்பதைச் சட்டமும் உபவிதிகளும் விரிவாகக் கூறும். அவற்றிலுள்ள மனிதர்கள் எவ்வாறு சேருவர் என்பதைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. இதனை ஆராய்வதற்கு, நம் தொழிலோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத ஓர் இயக்கத்தின் வரலாற்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். அது பிரீமேசன் எனப்படும் சகோதர இயக்கம். இணைப்பு விஷயத்தில் அதற்குள்ள அனுபவம் முந்நூறு வருஷங்களுக்குக் குறைந்ததன்று.

நம் ஊர்களில் லாட்ஜ் என்றால் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தங்கும் விடுதிதான் எவருக்கும் நினைவுக்கு வரும். இங்கே கூறப்படும் லாட்ஜ் வேறு. ஐரோப்பாவில் பெரிய தேவாலயங்களையும் கோட்டைகளையும் கட்டிய கற்கொத்தர்கள், வேலை நடக்கும் இடத்தில் கருவிகளை வைத்துப் பணி செய்வதற்கு ஒரு கொட்டகை போட்டுக்கொள்வர். அக்கொட்டகைக்கு லாட்ஜ் என்று பெயர். பிற்காலத்தில், கல்லையே தொட்டறியாத கனவான்களும் வணிகர்களும் அக்கொத்தர்களின் சொற்களையும் சின்னங்களையும் எடுத்துக்கொண்டு ஒரு சகோதரத்துவத்தை அமைத்தனர். மூலைமட்டமும் கவராயமும் அதன் அடையாளங்கள். இன்று லாட்ஜ் என்ற சொல் அங்கத்தினரின் கூட்டத்தையே குறிக்கும். ஒவ்வொரு லாட்ஜும் கிராண்ட் லாட்ஜ் எனப்படும் தலைமை ஸ்தாபனத்திடமிருந்து ஒரு பட்டயமும் ஓர் எண்ணும் பெற்றே நடைபெறும். அதற்கு ஒரு தலைவர், இரண்டு வார்டன்கள், காரியதரிசி, பொருளாளர், இவர்களோடு வாயிலுக்கு வெளியே காவல் நிற்கும் டைலர் என்ற உத்தியோகஸ்தரும் உண்டு. மதத்தையும் அரசியலையும் லாட்ஜுக்குள் விவாதிக்கலாகாது என்பது பழைய விதி. பெரும்பாலான லாட்ஜுகளில் ஆடவரே அங்கத்தினர். மூடிய கதவுக்குள் சடங்கு நடப்பதால், வட இந்திய நகரங்கள் சிலவற்றில் அவர்களுடைய கட்டடத்துக்கு 'ஜாது கர்', அதாவது மாய வீடு, என்று ஜனங்கள் பெயர் சூட்டிவிட்டனர்.

அச்சடங்கு பற்றி ஒரு விஷயம் மட்டும் நமக்கு வேண்டும். ஆங்கில, அமெரிக்க லாட்ஜுகளில் அதனைப் புத்தகம் பார்த்து வாசிப்பது வழக்கமன்று. தலைவர் முதல் கடைசி உத்தியோகஸ்தர் வரை தத்தம் பகுதியை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ஒருவர் தடுமாறினால் அருகிலிருப்பவர் மெல்ல எடுத்துக் கொடுப்பார். இவ்வாறு மாதந்தோறும், வருஷக்கணக்காக, ஒரே அறையில் ஒரே ஆட்களுடன் செய்து வந்தவர்களின் இடையே உண்டாகும் பிணைப்பு எத்தகையது என்பதை நாம் ஊகிக்கலாம்.

நான்கு லாட்ஜுகளுக்கு நேர்ந்தது

லண்டன் மாநகரில் 1717-ஆம் வருஷம் ஜூன் 24-ஆம் தேதி, செயின்ட் பால் தேவாலயத்தின் அருகே 'கூஸ் அண்ட் கிரிடயர்ன்' என்ற மதுச்சாலையில் நான்கு லாட்ஜுகள் கூடி முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தன என்று மரபு கூறும். அது 1721-இல்தான் நடந்திருக்க வேண்டும் என்று அண்மைக்காலச் சரித்திர ஆசிரியர் சிலர் வாதிக்கின்றனர். நமது பாடத்துக்கு அதனால் பேதமில்லை. நான்கும் தாம் கூடிய மதுச்சாலைகளின் பெயராலேயே அறியப்பட்டன. இவை பிற்காலத்தில் என்னவாயின என்று பார்ப்போம்.

கூஸ் அண்ட் கிரிடயர்னில் கூடிய லாட்ஜ், 'ஆன்டிக்விட்டி' என்ற பெயருடன் இன்றளவும் தனித்தே நடந்து வருகிறது. 'கிரவுன்' என்ற மதுச்சாலையில் கூடியது இருபது வருஷம்கூட நீடிக்கவில்லை. 1730-களில் நலிந்து பதிவேட்டிலிருந்து நீங்கிற்று. 'ஆப்பிள் ட்ரீ' மதுச்சாலையில் கூடியது 'பார்ட்டிட்யூட்' என்ற பெயரைப் பெற்று, 1818-இல் 'ஓல்டு கம்பர்லண்ட்' என்ற லாட்ஜுடன் இணைந்து, இரு பெயரும் சேர்ந்த ஒரே லாட்ஜாக 12-ஆம் எண்ணுடன் வாழ்கிறது.

நான்காவதன் கதை சற்று விரிவாகக் கூறத்தக்கது. 'ரம்மர் அண்ட் கிரேப்ஸ்' என்ற மதுச்சாலையில் தோன்றி, பின்னர் வெஸ்ட்மின்ஸ்டரில் 'ஹார்ன்' என்ற இடத்துக்கு மாறிய லாட்ஜ் அது. ஆரம்பத்தில் பிரபுக்களும் அறிஞர்களும் நிறைந்திருந்தது. ரிச்மண்ட் பிரபு அதில் இருந்தார்; நியூட்டனின் விஞ்ஞானத்தைப் பொதுமக்களுக்கு எடுத்து விளக்கிய டெசாகுலியர்ஸ் இருந்தார்; 1723-இல் இயக்கத்தின் முதல் விதிநூலைத் தொகுத்த ஜேம்ஸ் ஆண்டர்சனும் இருந்தார். இத்தகைய லாட்ஜ், 1747-இல் தலைமைச் சபைக்குப் பிரதிநிதிகளை அனுப்பாத குற்றத்துக்காகப் பதிவேட்டிலிருந்து அடிக்கப்பட்டது! நான்கு வருஷங்களுக்குப் பின் மீண்டும் சேர்க்கப்பட்டபோதிலும் பழைய வலிமை திரும்பவில்லை. 1774-இல் அது 'சோமர்செட் ஹவுஸ்' என்ற இளைய லாட்ஜுடன் இணைந்தது. 1828-இல் 'ராயல் இன்வெர்னஸ்' என்ற மற்றொன்றும் வந்து சேர்ந்தது. இன்று 'ராயல் சோமர்செட் ஹவுஸ் அண்ட் இன்வெர்னஸ்' என்ற நீண்ட பெயருடன் 4-ஆம் எண்ணில் அது விளங்குகிறது. அந்தப் பெயரில் ஹார்ன் இல்லை என்பதை அங்கத்தினர் கவனிக்க வேண்டும். மூத்த லாட்ஜ் தன் வயதையும் வரிசை உரிமையையும் கொடுத்தது. இளையது தன் பெயரையும் ஆட்களையும் கொடுத்தது. இரண்டும் கொடுத்தன; இரண்டும் ஒன்றை விட்டன. ஹார்னின் பழைய அங்கத்தினர் தம் பெயரை விடாப்பிடியாகப் பிடித்திருந்தால், பெயரோடு வயதும் போயிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆக, நான்கில் ஒன்று தனித்து வாழ்ந்தது, ஒன்று தனித்து மறைந்தது, இரண்டு இணைந்து வாழ்ந்தன.

குழு உணர்வு என்பது யாது

பிரீமேசன்களுள் தத்துவ நாட்டமுடையவர் சிலர் இதற்கு 'எக்ரெகோர்' என்ற ஒரு சொல்லை ஆளுவர். விழித்திருப்பவர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. பலர் ஒரே கருத்துடன் அடிக்கடி கூடும்போது, அவர்களுள் எவருக்கும் தனியே உரியதல்லாத ஒரு பொது உள்ளம் பிறக்கிறது, அது அவர்களைக் காக்கிறது, அவர்களும் அதனைப் போஷிக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டின் மறைபொருள் எழுத்தாளர்கள் இக்கருத்தைப் பரப்பினர். இரண்டு லாட்ஜுகள் இணையும்போது இரண்டு எக்ரெகோர்களும் ஒன்றாகுமா, ஒன்று மற்றதை விழுங்குமா, அல்லது மூன்றாவது ஒன்று புதிதாகப் பிறக்குமா என்று அவர்கள் மெய்யாகவே விவாதிக்கின்றனர்.

அப்படி ஒரு தனிப்பொருள் ஆகாயத்தில் உலாவுகிறது என்று நாம் நம்ப வேண்டியதில்லை. எனினும் அச்சொல் சுட்டும் அனுபவம் பொய்யன்று. பிரெஞ்சு சமூகவியல் அறிஞர் எமில் டர்க்கைம், 1912-இல் வெளியிட்ட தமது நூலில், மக்கள் ஒன்றாகக் கூடிச் சடங்கு செய்யும்போது எழும் ஒரு பொதுக் கிளர்ச்சியே சமூகத்தைப் பிணைக்கும் விசை என்று காட்டினார். அவர் அதனை மாயம் என்று கூறவில்லை. கூடுவதால் விளைவது என்றார். கூடாவிட்டால் தேய்வது என்பதும் அதனுள் அடங்கும்.

இதைச் சாதாரணச் செய்கைகளிலேயே காணலாம். நோயுற்றவர் வீட்டுக்கு யார் போவது என்று எவரும் கேட்காமலே இருவர் புறப்பட்டுவிடுவது, புதிதாக வந்தவர் எந்த நாற்காலியில் அமர்ந்தால் எந்த மூத்தவர் முகம் சுளிப்பார் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பது, பத்து வருஷத்துக்கு முன் இறந்த காரியதரிசியைப் பற்றி இன்னும் சிரித்துப் பேசிக்கொள்வது, இவையெல்லாம் சேர்ந்ததே குழு உணர்வு. இவற்றில் எதனையும் தீர்மானத்தின் மூலம் மற்றொரு லாட்ஜுக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. பாவு பிணைப்பவர், பழைய பாவின் இழையையும் புதிய பாவின் இழையையும் ஒவ்வொன்றாக எடுத்து முறுக்கிச் சேர்ப்பதை நெசவாளர் யாவரும் அறிவர். அவசரப்பட்டுக் கொத்தாக முடிச்சுப் போட்டால் அது விழுதிலும் அச்சிலும் ஏறாது.

1813-ஆம் வருஷத்துப் பெரிய இணைப்பு

இங்கிலாந்தில் 1751-இல் இரண்டாவது கிராண்ட் லாட்ஜ் ஒன்று தோன்றியது. லண்டனில் குடியேறி வாழ்ந்த ஐரிஷ்காரர்களும் கைத்தொழிலாளரும் அதில் மிகுதி. அதன் காரியதரிசியாக இருந்து அதனை வளர்த்த லாரன்ஸ் டெர்மட், வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். முந்திய கிராண்ட் லாட்ஜார் பழைய சடங்குகளை மாற்றிவிட்டனர் என்பது இவர்களின் குற்றச்சாட்டு. எனவே தங்களைப் 'பழையோர்' என்றும், வயதில் மூத்த அந்தச் சபையைப் 'புதியோர்' என்றும் இவர்கள் அழைத்தனர். விசித்திரமான அப்பெயர்களே நிலைத்துவிட்டன. அறுபது வருஷ காலம் இருவரும் ஒருவரை ஒருவர் உண்மையான பிரீமேசன் என்று ஏற்கவில்லை.

இவர்கள் இணைந்த முறையை அங்கத்தினர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலாவதாக, பேச்சுவார்த்தை முற்றுவதற்கு முன்பே புதியோர் தம் வீட்டைச் சரிசெய்துகொண்டனர். தாங்கள் முன்பு செய்த மாற்றங்கள் இனித் தேவையில்லை என்று 1809-இல் தீர்மானித்து, பழைய முறையைத் தம்மவருக்கு மீண்டும் கற்பிப்பதற்கென்றே ஒரு தனி லாட்ஜை நியமித்தனர். அது 1811 வரை வேலை செய்தது. எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்வதற்கு இணைப்பு நாள்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

இரண்டாவதாக, தலைமைப் போட்டி எழவில்லை. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் குமாரர்களான சஸ்ஸெக்ஸ் கோமகன் புதியோருக்கும், கென்ட் கோமகன் பழையோருக்கும் அப்போது தலைவர்கள். கென்ட் மூத்தவர், ஆயினும் ஒன்றான சபைக்குத் தம்பியே தலைவராகட்டும் என்று அவரே பிரேரணை செய்தார். அரச குடும்பத்துச் சகோதரர்கள் இரு பக்கமும் அமர்ந்தது நற்பேறு என்று சொல்லிவிடலாம். ஆனால் அண்ணன் விட்டுக் கொடுத்தது அவருடைய சொந்தச் செயல்.

மூன்றாவது விஷயம் எண். எந்த லாட்ஜுக்கு எந்த எண் என்பதுபோல் மனக்கசப்பை உண்டாக்கக்கூடியது வேறொன்று இல்லை. இரு சபைகளிலும் முதல் எண்ணுடைய லாட்ஜுகள் இருந்தன. இதற்காக அவர்கள் சீட்டுப் போட்டனர்! சீட்டு பழையோருக்கு விழுந்தது. அவர்களுடைய 'கிராண்ட் மாஸ்டர்ஸ் லாட்ஜ்' 1-ஆம் எண்ணைப் பெற்றது. 1717-இன் நான்கில் ஒன்றாகிய ஆன்டிக்விட்டி லாட்ஜ் 2-ஆம் எண்ணுக்கு இறங்கியது. அதன் பின் ஒன்றுவிட்டு ஒன்றாக இரு தரப்புக்கும் எண்கள் வழங்கப்பட்டன. சுமார் நூறு வருஷ முதன்மையை ஒரு துண்டுச் சீட்டுக்கு ஒப்புக்கொடுத்த அந்த லாட்ஜின் பொறுமையை மெச்சத்தான் வேண்டும். இன்றும் அது 2-ஆம் எண்ணிலேயே இருக்கிறது.

இருபத்தொரு ஷரத்துகள் கொண்ட ஒப்பந்தம் 1813 நவம்பர் 25-இல் கையொப்பமாயிற்று. டிசம்பர் 27-இல் இணைப்பு விழா நடந்தது. அத்துடன் வேலை முடிந்துவிட்டதாக அவர்கள் எண்ணவில்லை. இரு தரப்பிலிருந்தும் சடங்கில் தேர்ந்தவர்களைப் பொறுக்கி 'சமரச லாட்ஜ்' ஒன்றை அமைத்தனர். அது 1816 வரை இருந்து, இருவருக்கும் பொதுவான ஒரு முறையைத் தயாரித்து, வந்தவர்களுக்கு நடத்திக் காட்டிக் கற்பித்தது. ஒருவர் சொல்ல மற்றவர் திருத்தி, மூன்று வருஷம் ஒரே அறையில் ஒன்றாகப் பாடம் பண்ணினர். விழாவினால் விளைந்ததைக் காட்டிலும் இந்தப் பாடத்தினால் விளைந்த ஒற்றுமையே அதிகம் என்பது என் கருத்து.

இவ்வளவு கவனத்துடன் செய்யப்பட்ட இணைப்பிலும் இரண்டு பிழைகள் நேர்ந்தன. வடக்கே லங்காஷயர் பகுதியிலிருந்த லாட்ஜுகள் சில, தங்கள் மனு உரிய இடத்தில் எடுத்துப் பேசப்படவில்லை என்று மனம் கசந்தன. அதிருப்தி முற்றி, 1823-இல் விகன் என்ற ஊரை மையமாகக் கொண்டு தனிக் கிராண்ட் லாட்ஜ் ஒன்று எழுந்தது. அது வரவரச் சிறுத்தும் மடியவில்லை. அதன் கடைசி லாட்ஜாகிய 'சின்சியரிட்டி' 1913-இல்தான் திரும்பி வந்து சேர்ந்தது. ஒரு மனுவைக் கேளாததன் விலை தொண்ணூறு வருஷம்.

மற்றொரு பிழை அதனினும் வருந்தத்தக்கது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், பிரின்ஸ் ஹால் என்பவரின் தலைமையில் கறுப்பின மக்கள் அமைத்த 'ஆப்பிரிக்கன் லாட்ஜ்' 1784-இல் இங்கிலாந்திடம் முறைப்படி பட்டயம் பெற்றிருந்தது. 1813 இணைப்பை ஒட்டிப் பதிவேட்டைப் புதுக்கி எழுதியபோது, தொடர்பு அறுந்த தூரத்து லாட்ஜுகளின் வரிசையில் அதன் பெயரும் விடப்பட்டது. அவர்கள் தளரவில்லை, தாமே சுதந்திரமான தனி மரபாக வளர்ந்தனர். கணக்குப் புத்தகத்தைச் சுத்தம் செய்யும் வேளையில் யாருடைய பெயர் விடுபடுகிறது என்று பார்க்க ஒருவராவது வேண்டும்.

நம் நாட்டில்

இந்தியாவில் லாட்ஜுகள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டன. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்று தலைமைகளின் கீழும் அவை இருந்தன. 1961 நவம்பர் 24-ஆம் தேதி இந்தியக் கிராண்ட் லாட்ஜ் நிறுவப்பட்டு, ராம்பூர் நவாப் சையது ராஜா அலி கான் அதன் முதல் தலைவரானார். சேருவதா, பழைய தலைமையின் கீழேயே இருப்பதா என்ற முடிவு அந்தந்த லாட்ஜுக்கே விடப்பட்டது. பல சேர்ந்தன, பல சேரவில்லை. சென்னையில் 1786-இல் தோன்றிய ஒரு லாட்ஜ் இங்கிலாந்தின் கீழேயே தங்கிவிட்டது. அதன் பெயர் 'பர்பெக்ட் யுனானிமிட்டி', அதாவது பூரண ஒருமனம்! சேராதவரைப் பகைவராக எண்ணாமல் இரு வகையினரும் அக்கம்பக்கத்தில் நடந்து வருவதால், இதனைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

அமெரிக்காவில் நேர்ந்த நலிவு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1959-இல் பிரீமேசன்களின் தொகை சுமார் 41 லட்சம். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆடவர் திரள்திரளாகச் சேர்ந்த காலம் அது. அதன் பின் தொகை ஆண்டுதோறும் இறங்கி, 10 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. தந்தையர் இறந்தனர்; தனயர் சேரவில்லை. இது பிரீமேசன்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அந்நாட்டுச் சங்க வாழ்க்கை முழுவதுமே தளர்ந்ததை ராபர்ட் புட்னம் என்ற பேராசிரியர் 2000-இல் வெளிவந்த ஒரு நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். தொலைக்காட்சி, நகருக்கு வெளியே பரந்த குடியிருப்புகள், வேலை நேரத்தின் மாற்றம், தலைமுறை மாற்றம் எனக் காரணங்கள் பல.

ஆட்கள் குறைந்தபோதிலும் கட்டடங்கள் குறையவில்லை. 41 லட்சம் பேருக்காக எழுப்பிய மண்டபங்களின் கூரையையும் வரியையும் எஞ்சியவர்கள் சுமந்தனர். டெட்ராய்ட் நகரத்து மேசானிக் ஆலயம் 1926-இல் திறக்கப்பட்டது. அறைகள் ஆயிரத்துக்கு மேல். உலகிலேயே மிகப் பெரியது. 2013-இல் ஒன்றரை லட்சம் டாலர் வரிப் பாக்கிக்காக அது கைநழுவும் நிலைக்கு வந்தபோது, அந்நகரில் பிறந்த பாடகர் ஜாக் வைட் 1,42,000 டாலர் கொடுத்து மீட்டார். எல்லா ஊருக்கும் ஒரு பாடகர் கிடைப்பதில்லை. சிறிய ஊர்களின் லாட்ஜுகள் இணைப்பை நாடின.

இணைப்புக்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பொதுவாக, அங்கத்தினர் அனைவருக்கும் முன்னறிவிப்புக் கொடுத்து, இரண்டு லாட்ஜுகளிலும் தனித்தனியே வாக்கெடுத்து, கிராண்ட் லாட்ஜின் சம்மதம் பெற வேண்டும். பெயர், எண், கூடுமிடம், சொத்து ஆகியவை தீர்மானத்திலேயே குறிக்கப்படும். ஒரு பட்டயம் திரும்பிப் போகும். அல்லது நினைவுப் பொருளாகச் சுவரில் தொங்கும். இவையெல்லாம் எளிது. தகராறு வேறு இடத்தில் எழுகிறது.

அமெரிக்க லாட்ஜுகளில் உத்தியோகங்களுக்கு ஒரு வரிசை உண்டு. கடைசி நாற்காலியில் அமர்ந்தவர் வருஷத்துக்கு ஒன்றாக நகர்ந்து, ஆறேழு வருஷத்தில் தலைவர் நாற்காலியை அடைவார் என்பது பரவலான வழக்கம். இரண்டு லாட்ஜுகள் இணைந்தால் இரண்டு வரிசை ஆட்கள். நாற்காலிகளோ ஒரு வரிசைதான். ஐந்து வருஷம் காத்திருந்து அடுத்த வருஷம் தலைவராக வேண்டிய இளைஞர் ஒருவர் இரு பக்கமும் இருப்பார். ஒருவரைப் பின்னுக்குத் தள்ளினால் அவர் வெளிப்படையாகச் சண்டையிடமாட்டார், வருவதை நிறுத்திவிடுவார். எந்த இளைஞர்களைக் காப்பாற்ற இணைப்புச் செய்தார்களோ அவர்களையே அது இழக்கச் செய்துவிடும். விவரம் அறிந்தவர்கள் இதனை முன்கூட்டியே பேசி, ஒரு வருஷம் இவர், மறு வருஷம் அவர் என்று எழுதிக்கொள்கின்றனர். 1813-இல் எண்களை மாற்றி மாற்றிக் கொடுத்த அதே யுக்தி.

தூரமும் ஒரு தடை. முப்பது மைலுக்கு அப்பால் கூட்டம் மாறிவிட்டால், இரவில் வண்டி ஓட்ட இயலாத எண்பது வயது அங்கத்தினர் வர முடியாது. அவருக்கு லாட்ஜ் இணைந்ததாகத் தோன்றாது; பறிபோனதாகவே தோன்றும். அவரை அழைத்துவர ஒருவரை நியமித்த லாட்ஜுக்கும் நியமிக்காத லாட்ஜுக்கும் உள்ள வேற்றுமை, வரவுசெலவுக் கணக்கில் தெரியாது.

கணக்குப் பற்றியும் ஒரு வார்த்தை. உதாரணமாக, ஒரு லாட்ஜின் ஏட்டில் இருநூறு பெயர், மற்றொன்றில் நூற்றெண்பது என்று வைத்துக்கொள்வோம். இணைத்தால் முந்நூற்றெண்பது. ஆனால் கூட்டத்துக்கு வந்தவர் முதலாவதில் பன்னிருவர், இரண்டாவதில் பதின்மர். இணைந்த பின் இருபத்திருவர் வருவர் என்று எண்ணினால் அது பிசகு. சிலர் தூரத்தால் நிற்பர். சிலர் மனத்தாங்கலால் நிற்பர். முன்பு 'நான் போகாவிட்டால் லாட்ஜ் திறவாது' என்று வந்தவர்கள், 'இப்போது ஆள் போதும்' என்று நிற்பர். கடைசியாகக் கூறியதே மிகவும் நுட்பமானது. தான் இன்றியமையாதவன் என்ற எண்ணம் சிறிய குழுவின் பலம். இணைப்பு அதனைக் கரைக்கிறது. ஆகவே இணைந்த முதல் வருஷத்தில் எவரையும் வேலையின்றி விடலாகாது. ஒருவருக்கு விருந்து ஏற்பாடு, ஒருவருக்கு நோயாளரைக் காணும் பொறுப்பு, ஒருவருக்கு இரு லாட்ஜுகளின் பழைய குறிப்பேடுகளைப் படித்து மாதம் ஒரு பக்கம் சபையில் வாசிக்கும் வேலை, இப்படிப் பகிர்ந்து கொடுத்தால் ஒரு லாட்ஜின் பழங்கதை மற்றதன் அங்கத்தினருக்கும் சொந்தமாகும்.

இணைய வேண்டிய காலம் எது என்பதில் அங்கே கருத்து வேற்றுமை உண்டு. கடைசி ஆள் வரை தாங்கிப் பார்ப்பதே முன்னோருக்குச் செய்யும் மரியாதை என்பர் ஒரு சாரார். ஆனால் ஆறு பேர் எஞ்சியபின் செய்வது இணைப்பு ஆகாது; சாமான்களை ஒப்படைப்பதாகும். கொடுக்கத் தக்கது ஏதாவது கையில் இருக்கும்போதே பேசத் தொடங்குவது மேல். ஹார்ன் லாட்ஜிடம் ஆள் இல்லாவிடினும் வயது இருந்தது. அதனால் சோமர்செட் ஹவுஸின் எதிரே சமமாக அமர முடிந்தது. எண்ணிக்கை குறைவது ஒன்றையே நோயாகக் கருதுவதும் தவறு. பதினெட்டாம் நூற்றாண்டு லாட்ஜுகள் மதுச்சாலையின் ஓர் அறையில் அடங்குமளவு சிறியவைதாம். இருபது பேர் உற்சாகத்துடன் கூடும் லாட்ஜ், கட்டடத்தை விற்று வாடகை அறைக்குப் போனால் நன்றாகவே நடக்கலாம்.

ஒற்றுமைக்கும் இணைப்புக்கும் உள்ள வேற்றுமைக்கும் அமெரிக்காவிலேயே சான்று உண்டு. ஒரே ஊரில், சில தெருக்கள் இடைவெளியில், வெள்ளையரின் லாட்ஜும் பிரின்ஸ் ஹால் மரபினரின் லாட்ஜும் இருந்து, ஒன்றன் அங்கத்தினர் மற்றதன் வாயிலை மிதிக்க முடியாத நிலை சுமார் இருநூறு வருஷம் நீடித்தது. சகோதரத்துவம் பேசும் இயக்கத்துக்கு இது பெரிய களங்கம். 1989-இல் கனெக்டிகட் மாநிலத்தில் இரு தரப்புக் கிராண்ட் லாட்ஜுகளும் ஒன்றையொன்று முறைப்படி ஏற்றன. அதன் பின் பல மாநிலங்கள் தொடர்ந்தன. அவை ஒன்றாக இணைந்துவிடவில்லை. பிரின்ஸ் ஹால் மரபினர், தாம் தள்ளப்பட்ட காலத்தில் கட்டி வளர்த்த பெயரை எதற்காகக் கரைக்க வேண்டும்? ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போக வழி திறந்ததே அவர்கள் வேண்டியது.

வாசகர் வட்டங்களில் விவாதிப்பதற்கு ஒரு கணக்கை இங்கே கொடுக்கிறோம். இது கற்பனை. ஒரு லாட்ஜுக்குச் சொந்தக் கட்டடமும் அதன்மேல் கடனும் உண்டு. கூட்டத்துக்கு வருவோர் எண்மர், யாவரும் முதியவர். இருபது மைல் தூரத்திலுள்ள மற்றொரு லாட்ஜ் வாடகை அறையில் கூடுகிறது, கையில் ரொக்கம் உண்டு, வருவோர் பதினைவர், அடுத்த வருஷம் தலைவராகக் காத்திருப்பவர் ஓர் இளைஞர். முதலாவது, வயதில் நூறு வருஷம் மூத்தது. இவ்விரண்டும் இணைய விரும்பினால், பெயர், எண், கூடுமிடம், கட்டடம், முதல் மூன்று வருஷத் தலைவர்கள் ஆகியவை பற்றிய தீர்மானத்தை இரு தரப்பும் ஏற்கும்படி எழுதிப் பார்க்கவும். எழுதிய பின், அந்த எண்மரில் ஒருவராகவும், அந்தப் பதினைவரில் ஒருவராகவும் இருந்து அதனை இருமுறை வாசிக்கவும். முதல் வருஷத்தில் யார் யாருக்கு என்ன வேலை என்பதைத் தனித் தாளில் குறிக்கவும்.